வேலை போன மறுவாரம்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார், லைனில் உன்னோடு நின்ற பாதிப் பேருக்கும் அதே பேச்சுதான் என்று எழுதியிருக்கிறாய். "நான் என்ன தப்புப் பண்ணினேன் பெரியப்பா?" என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. ஆர்டர் குறைந்தால் கம்பெனி முதலில் குறைப்பது காண்ட்ராக்ட் ஆட்களைத்தான். ஆர்டர் இருக்கும்போதும் வேலை நிற்கும். 2024 செப்டம்பர் 28 அதிகாலையில் நம் நாகமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்து உற்பத்தி நின்றதே, அதில் ஷிஃப்டில் இருந்த எந்தப் பெண்ணின் தப்பு இருந்தது?

உனக்கு முன்னால் இதே வயதில், இதே போன்ற லைனில் நின்ற பெண்களின் கதையைச் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஊர் ஊராகப் பஸ் விட்டு, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். பிறகு வரித் தகராறு வந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று லைன் நின்றது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். சில வருடம் கழித்து அதே வளாகத்துக்குச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வந்தது. கட்டடத்துக்கு மறுபடி வேலை கிடைத்தது. ஆனால் புதிய லைன் கேட்டது புதிதாகப் பள்ளி முடித்த பிள்ளைகளை. முன்பு அங்கே நின்றவர்களுக்கு அதற்குள் வயது முப்பதை ஒட்டிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், 'மறுபடி கூப்பிடுவார்கள்' என்று காத்திருக்காதே. நீ அங்கே வேலை பார்த்த இரண்டரை வருடத்தில் உனக்குச் சேர்ந்த எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வெளியே வா. சம்பளம் நின்றுவிட்டது, சரி. உன் சர்வீஸும் நீ கற்ற வேலையும் உன்னுடையவை. அவற்றைக் கேட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது.

முதல் காரியம், எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. "ராஜினாமா எழுதிக் கொடு, செட்டில்மெண்ட் சீக்கிரம் ஆகும்" என்பார்கள். ராஜினாமா வேறு, ஆட்குறைப்பு வேறு. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவரை (சட்டக் கணக்கில் 12 மாதத்தில் 240 நாள்) ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாதச் சம்பளம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் உண்டு. 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நீயாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அதைக் கேட்க வழியில்லாமல் போய்விடும்.

உன்னை எந்தப் பெயரில் வேலைக்கு எடுத்தார்கள் என்பதையும் பார். அப்ரண்டிஸ் என்று எழுதியிருந்தால் 1961ஆம் வருடத்துச் சட்டப்படி நீ பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. குறிப்பிட்ட கால ஒப்பந்தம் என்றால், காலம் முடிந்து நிற்பதை ஆட்குறைப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் புதிய சட்டத் தொகுப்பின்படி ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடை உண்டு. காண்ட்ராக்ட் என்றால், காண்ட்ராக்டர் சம்பளப் பாக்கி வைத்தால் அதைக் கொடுக்கும் பொறுப்பு பெரிய கம்பெனிக்கு வந்து சேரும். ஆகவே பாக்கியை இரண்டு இடத்திலும் எழுத்தில் கேள். போனில் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பே ஸ்லிப்புகள், ஐ.டி. கார்டின் போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வை. சர்வீஸ் சர்ட்டிஃபிகேட் கேட்டு வாங்கு.

பி.எஃப். பணத்தில் கை வைக்கும் முன் யோசி. பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் பென்ஷன். பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் இந்த இரண்டரை வருடம் அந்தக் கணக்கில் இல்லாமல் போகும். புதிய கம்பெனியிலும் பி.எஃப். கணக்குக்கான அதே யு.ஏ.என். எண்ணைக் கொடு. நீ வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று பார். அவர்கள் போடாவிட்டால் கடைசி பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீயே போடலாம்.

ஈ.எஸ்.ஐ. கார்டைத் தூக்கி எறியாதே. ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் 78 நாள் பங்களிப்பு இருந்தால், வேலை போன பிறகும் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வைத்தியம் உண்டு. உன் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு அது போதும். 2018 ஜூலையில் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவில், வேலையிழந்தவருக்குச் சராசரி தினச் சம்பளத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்குத் தருகிறார்கள். காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் அது. ஆகவே ஓசூர் கிளை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டு வா.

இனி அடுத்த வேலை. நீ கடிதத்தில் "லைனில் வேலை பார்த்தேன்" என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டாய். எனக்கு அதில் வருத்தம். மைக்ரோமீட்டரில் அளந்தாய், கீறலும் பள்ளமும் கண்டுபிடித்து ரிஜெக்‌ஷன் பிரித்தாய், சிஸ்டத்தில் என்ட்ரி போட்டாய், புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். அதற்கு இன்ஸ்பெக்‌ஷன் என்று பெயர். எந்தக் கருவி, எந்தப் பாகம், எத்தனை மைக்ரான் வரை என்று பயோடேட்டாவில் எழுது. ஓசூரில் போன் கம்பெனி மட்டுமா இருக்கிறது? டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகள் எத்தனையோ. அசெம்ப்ளி லைன் வயதைப் பார்க்கும். பட்டறைக்காரர் அளக்கத் தெரியுமா என்று பார்ப்பார். இன்னொரு காண்ட்ராக்டரிடம் இன்னொரு லைனுக்கு ஓடுவதைவிட, சம்பளம் ஓராயிரம் குறைந்தாலும் குவாலிட்டி வேலைக்குப் போவதுதான் உனக்கு நல்லது என்பது என் எண்ணம். படிக்க மனமிருந்தால் ஓசூர் அரசு ஐ.டி.ஐ.யில் விசாரி. அரசுப் பள்ளியில் படித்தவள் நீ, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் உனக்குப் பொருந்துமா என்றும் சேர்த்துக் கேள்.

எல்லை தாண்டி, கர்நாடகத்தில் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கமும் தேடு. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எண்ணுக்கு மாநில எல்லை கிடையாது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை உள்ளூர்க்காரர்களுக்குத் தனியார் வேலையில் ஒதுக்கீடு என்று ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்து, இரண்டே நாளில் நிறுத்தி வைத்தது. அந்தப் பேச்சு மறுபடி கிளம்பலாம். உனக்குக் கன்னடம் பேச வருகிறதே, எழுதவும் படிக்கவும் கற்றுக்கொள். பணம் கேட்கும் புரோக்கரிடம் மட்டும் போகாதே, அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாமுக்குச் செலவு பஸ் கட்டணம்தான்.

காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பி, ராயக்கோட்டை ரோட்டில் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிறேன் என்று நீ எழுதியதைப் படித்துத்தான் ரொம்பக் கலங்கினேன். வேலை போனதை அப்பாவுக்குச் சொன்னால் உடனே கல்யாணப் பேச்சு எடுப்பார் என்று பயப்படுகிறாய். எடுக்கலாம். ஆனால் 2023இல் உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் தர மாட்டோம் என்று போராடியபோது அவர்களோடு உட்கார்ந்திருந்தவர் அவர். கையில் இருப்பது போய்விடுமோ என்ற பயம் அவருக்குத் தெரியாததல்ல. தக்காளி விலை விழுந்த வருடங்களில் உன் சம்பளத்தில்தான் வீடு ஓடியது என்பதும் தெரியும். ஃபைலை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார். என்ன வர வேண்டியிருக்கிறது, எங்கே தேடப் போகிறாய், எத்தனை மாதத்துக்குக் கையில் பணம் இருக்கிறது என்று கணக்காகச் சொல். ஆறு மாதம் அவகாசம் கேள்.

நீயே சொல்கிறாயா, இல்லை நான் வந்து முதலில் பேசட்டுமா என்று இந்த வாரத்துக்குள் எழுது. ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்குத் துணை வேண்டுமானால் பெரியம்மா வருவதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
பெரியப்பா