பதவி உயர்வு தள்ளிப்போகிறதா? காலின் கேம்பலைப் பாருங்கள்

உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் உங்களுக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டாரா? பிரிட்டிஷ் ராணுவத்தில் காலின் கேம்பலுக்கு இது பல ஆண்டுகள் நடந்தது. கிளாஸ்கோ தச்சர் ஒருவரின் மகன் அவர். 1808-ல், 15 வயதில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1813-ல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் கோட்டையில் முன்வரிசையில் ஏறி இருமுறை காயம்பட்டார். காயம் ஆறும் முன்பே அனுமதியில்லாமல் மருத்துவமனையிலிருந்து கிளம்பி, அடுத்த சண்டையிலும் அடிபட்டார். திட்டும் கிடைத்தது, கேப்டன் பதவியும் கிடைத்தது. அதற்கு மேல் மேஜர் ஆவதற்கு 12 ஆண்டுகள் ஆயின! அந்நாளில் மேற்பதவிகள் பெரும்பாலும் விலைக்குத்தான் கிடைத்தன.

ஆகவே முதலில், தடை உங்கள் திறமையில் இருக்கிறதா, அலுவலக விதிமுறையில் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். விதிமுறைதான் என்றால் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். அது கேட்பதைக் கொடுக்க வழி தேடுங்கள். கேம்பல் பணத்தைப் புரட்டி 1825-ல் மேஜர், 1832-ல் லெப்டினன்ட் கர்னல் ஆனார். உங்களுக்கு அது ஒரு துறைத் தேர்வாக இருக்கலாம்.

அடுத்தது, உங்களோடு வேலை செய்பவர்கள். இதில்தான் கேம்பல் எனக்கு மிகவும் பிடித்துப்போகிறார். 1854, கிரிமியப் போர். 46 ஆண்டு சேவைக்குப் பிறகு ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்களின் படையணி அவர் கையில். அல்மா போருக்கு முன் அவர்களிடம் சொன்னார்: அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு யாரும் பின்னால் போகக் கூடாது, பாண்டு வாத்தியக்காரர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள், மீறினால் அவன் பெயர் சொந்த ஊர்த் தேவாலயத்தில் ஒட்டப்படும். சாவுக்கு அஞ்சாதவனும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுவான் என்று தெரிந்த மனிதர். வென்ற பிறகு தலைமைத் தளபதி ராக்லனிடம் அவர் கேட்ட சலுகை, தன் வீரர்கள் அணியும் இறகுத் தொப்பியைத் தானும் அணிய அனுமதி. அடுத்த மாதம் பாலக்லாவாவில் ரஷ்யக் குதிரைப்படை பாய்ந்து வந்தபோது, அவருடைய 93-வது படைப்பிரிவு இரண்டே வரிசையில் நின்று அசையவில்லை.

வேலையை விடுவதும் தப்பில்லை. கிரிமியாவுக்கு முன்பு, இந்திய எல்லைப்புறப் படையெடுப்பில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியோடு ஒத்துப்போகாமல் 1852-ல் ராஜினாமா செய்தவர்தான் இவர்.

1857 ஜூலையில் இந்தியத் தலைமைத் தளபதி பதவி வந்தது. வயது 64. மறுநாளே கிளம்பிவிட்டார். நம் மண்ணில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்தவர்களை நசுக்கிய போர் அது. அந்த வெற்றியைக் கொண்டாட எனக்கு மனம் வராது. ஆனால் அவர் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். மெதுவாகப் போகிறார் என்று அவர் பெயரையே திரித்து, ‘கிராலிங் கேமல்’ (ஊர்ந்து போகும் ஒட்டகம்) என்று கேலி செய்தார்கள். அவர் அசரவில்லை. நவம்பரில் லக்னோவில் முற்றுகையில் சிக்கிய பெண்களையும் குழந்தைகளையும் காயம்பட்டவர்களையும் வெளியே கொண்டுவந்துவிட்டு, நகரத்தைப் பிடிக்க ஆள் போதாது என்று திரும்பினார். 1858 மார்ச்சில் பெரும்படையோடு வந்து பிடித்தார். 1862-ல் ஃபீல்டு மார்ஷல்.

உங்கள் மேலதிகாரி இந்த வாரமே முடி என்று நெருக்கும்போது, முடியும் முடியாது என்று வாயால் வாதாடாதீர்கள். எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று அன்று மாலைக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.