10 போல்ட்டுக்கு 11 துளை ஏன்?



நம்ம மணவாள நகரில் இருந்து காக்களூர் தொழிற்பேட்டைக்கோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ வேலைக்குப் போகிற ஒரு அண்ணனைப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள். "அண்ணே, 10 எம்எம் போல்ட்டுக்கு எத்தனை எம்எம் டிரில் போடணும்?" யோசிக்காமல் "11" என்பார். ஏன் என்றால், "அப்பதான்டா உள்ள போகும்" என்பார்.

இது சரியான பதில்தான். ஆனால் பாதி பதில். ஏனென்றால் 10 துளையிலும் போல்ட் போகும்! எம் 10 போல்ட்டின் மரையை வெர்னியரில் அளந்து பாருங்கள், 10-க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். 10 துளையில் விட்டால் அழகாக, ஆடாமல் இறங்கும். பிறகு எதற்கு 11?

ஒரே ஒரு போல்ட் என்றால் பிரச்சினையே இல்லை. இரண்டாவது போல்ட்டில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. இரண்டு தகடுகளைச் சேர்க்கப் போகிறோம், துளைக்குத் துளை 100 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். சென்டர் பஞ்ச் லேசாகத் தள்ளி விழும், டிரில் பிட் கொஞ்சம் வழுக்கும். ஒரு தகட்டில் 100 வரும், இன்னொன்றில் 100.8 வரும். எல்லாத் துளையும் 10 ஆக இருந்தால் முதல் போல்ட் போய்விடும், இரண்டாவது போகவே போகாது.

அதுவே 11 ஆக இருந்தால்? முதல் ஜோடித் துளைகள் ஒன்றுக்கொன்று 1 மி.மீ. இந்தப் பக்கம் விலகி நிற்கலாம். இரண்டாவது ஜோடி 1 மி.மீ. அந்தப் பக்கம் விலகலாம். ஆக மொத்தம் 2 மி.மீ. வித்தியாசம் வரை இரண்டு போல்ட்டும் போகும். 0.8 என்ன பெரிய விஷயம்! அந்த 1 மி.மீ. கிளியரன்ஸ் நம் கை செய்யும் பிசகுக்காக விட்ட இடம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அடித்தகட்டில் நட்டுக்குப் பதில் டேப் அடித்து மரை வெட்டியிருந்தால் (எம் 10-க்கு 8.5 டிரில்), அங்கே போல்ட் அசையாது. மேல்தகட்டுத் துளையில் மட்டும்தான் இடம் இருக்கிறது. அப்போது 2 மி.மீ. சலுகை 1 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். டேப் அடிக்கிற வேலைக்கு மார்க்கிங் இன்னும் கவனமாகச் செய்யணும் என்பது இதனால்தான்.

"துளை லூஸா இருந்தா ஜாயிண்ட் ஆடாதா?" என்று பலரும் கேட்பார்கள். ஆடாது. நட்டை முறுக்கும்போது போல்ட் மிக மிகக் கொஞ்சம் நீளுகிறது, ஸ்பிரிங் மாதிரி. அது சுருங்கப் பார்க்கிற இழுப்பில் இரண்டு தகடும் ஒன்றோடொன்று அழுந்துகிறது. அந்த உராய்வுதான் பிடிக்கிறது, துளையின் சுவர் அல்ல. பாகம் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்றால் அதற்கு டவல் பின் என்று தனியாக இருக்கிறது. போல்ட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கினால் மரை நசுங்கும். பிறகு ஸ்பேனரில் நாம் போடும் பலம் எல்லாம் அந்த உரசலிலேயே செலவாகிவிடும். கைக்கு இறுகின மாதிரி இருக்கும், உள்ளே தகடுகள் சேர்ந்திருக்காது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்தாகத் தெரிகிறது, ஏனென்றால் வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது.

அதற்காக 13 போட்டுவிடலாமா? கூடாது. எம் 10 போல்ட்டுக்கு 17 ஸ்பேனர் போடுகிறோம் அல்லவா? தலையை 17 மி.மீ. வட்டம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 11 துளையில் தலை உட்காரும் பரப்பு சுமார் 132 சதுர மி.மீ. 13 துளையில் 94 தான். கால் பங்குக்கு மேல் போச்சு! அழுத்தம் கூடித் தகடு பள்ளமாகும், இறுக்கம் தளரும். வாஷர் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

இந்த அளவுகளை நாமாக ஊகிக்க வேண்டியதில்லை. ஐஎஸ் 1821 என்ற இந்தியத் தர அட்டவணையில் இருக்கிறது. நெருக்கம், நடுத்தரம், தாராளம் என்று மூன்று வகை. நடுத்தரத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்:

எம் 6 – 6.6
எம் 8 – 9
எம் 10 – 11
எம் 12 – 13.5
எம் 16 – 17.5
எம் 20 – 22

எம் 10-க்கே நெருக்கம் என்றால் 10.5, தாராளம் என்றால் 12.

கடைசியாக, அத்திப்பட்டு வடசென்னை அனல் மின் நிலையத்துப் பக்கம் போனால் உயர் அழுத்த மின் கோபுரங்களைப் பார்க்கலாம். பஸ்ஸில் போகும்போது நாம் எண்ணிப் பார்க்காத போல்ட்டுகள் அவை. மின் கோபுரங்களில் 16 மி.மீ. போல்ட்டுக்கு 17.5 துளை போடுவது நம் நாட்டு வழக்கம். ஆங்கிள்களைத் தொழிற்சாலையிலேயே வெட்டி, துளை போட்டு, அதற்குப் பிறகுதான் துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். சேர்ப்பது வயல்வெளியில், உயரத்தில், பெல்ட் கட்டிக்கொண்டு. அங்கே போய்த் துளை சேரவில்லை என்று அரத்தால் ராவினால் துத்தநாகம் போய்விடும், அந்த இடத்தில் துரு பிடிக்கும். மேலே தொங்குகிறவருக்கு அந்த ஒன்றரை மி.மீ. எவ்வளவு பெரிது என்று நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: எம் 8 போல்ட் இரண்டு, துளை எல்லாம் 9 மி.மீ. ஒரு தகட்டில் துளைத் தூரம் 60, இன்னொன்றில் 61.5. இரண்டு போல்ட்டும் போகுமா? அடித்தகட்டில் டேப் அடித்திருந்தால்? விடையை எழுதி எங்கள் தொழிற்கல்விப் பிரிவு ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். தகடு வெட்டி வைத்திருக்கிறோம், போட்டுப் பார்த்துவிடலாம்.