பழைய வீடும் குடிநீர்க் குழாயும்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களிலும் முன்னோர் கட்டிய வீடுகள் இன்றும் பல நிற்கின்றன. மண் அல்லது சுண்ணாம்புச் சாந்துச் சுவர், நாட்டு ஓடு, நடுவே முற்றம், பின்புறம் கிணற்றடி என்பது அவற்றின் அமைப்பு. குழாயை மனத்தில் வைத்து அவ்வீடுகளை எவரும் கட்டவில்லை. நீர் குடத்தில் வந்தது. கழிவு நீர் சலதாரை வழியே வாழைக்கும் தென்னைக்கும் சென்றது. குழாய் பின்னாளில் வந்து சேர்ந்தது. முதலில் தெருவில், பிறகு முற்றத்தில், அதன்பின் சமையலறை, குளியலறை, கழிப்பிடம் என்று தேவை எழுந்தபோதெல்லாம் ஒட்டு வைத்து நீட்டப்பட்டது. பழைய வீடுகளின் குழாய்த் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒட்டுகளில்தான் தொடங்குகின்றன.

ஆத்தூர் அருகேயுள்ள காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்தும், பேரணையிலிருந்தும், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகவும் திண்டுக்கல் நகருக்கு நீர் கொண்டுவரப்படுகிறது. கிராமங்களுக்கென 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், வீடுதோறும் குழாய் அமைத்து ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீர் அளிப்பதை இலக்காகக் கொண்டது. இத்தனை தொலைவு கடந்து, குளோரின் கலந்து வரும் நீர், நம் வாசலிலிருந்து அடுப்படி வரையுள்ள கடைசி இருபது அடியில் கெடுமானால் அத்தனை உழைப்பும் வீணன்றோ? அந்த இருபது அடியைக் காப்பது நம் பொறுப்பு.

இரு பாத்திரச் சோதனை

குழாயை மாற்றுமுன் குறை எங்கே உள்ளது என்று அறிதல் வேண்டும். காலையில் நீர் வந்ததும், வீட்டு இணைப்பின் முதல் குழாயில் ஒரு வெள்ளைப் பாத்திரமும், அடுப்படிக் குழாயில் மற்றொரு வெள்ளைப் பாத்திரமும் பிடித்து வைக்கலாம். இரண்டும் கலங்கலாயிருப்பின் குறை தெருக்குழாயிலோ வாசல் இணைப்பிலோ உள்ளது; ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும். முதற் பாத்திரம் தெளிவாகவும் இரண்டாவது பழுப்பாகவும் இருப்பின் குறை நம் வீட்டினுள்தான்.

கசிவை அறியவும் எளிய வழி உண்டு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தில் கரிக்கோடு ஒன்று இடுக. தொட்டிக்கு நீர் ஏறாதபடியும் பார்த்துக்கொள்க. விடிந்ததும் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ நீர் ஒழுகுகிறது என்பது திண்ணம். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் வீணாக்கும். சில ரூபாய் விலையுள்ள வாஷர் ஒன்றே இதற்கு மருந்து.

சுவருக்குள் ஒழுகுவதோ இன்னும் கொடிது. மண்சுவர் ஊறி வலுவிழந்து, அடைமழையில் சரியவும் கூடும். வீட்டிலுள்ளோர் உயிருக்கே இது ஆபத்து.

இரும்புக் குழாயின் உள்நோய்

பழைய வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய்கள். காலப்போக்கில் அப்பூச்சு கரைந்ததும் இரும்பு துருவேறுகிறது. உட்புறம் முண்டு முண்டாகத் துரு படிகிறது. குழாயின் உள்விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் ஓடும் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ‘நீர் வேகமாக வரவில்லை’ என்று மோட்டார் வைக்க நினைப்போர் முதலில் தம் குழாயின் உட்புறத்தைப் பார்த்தல் நலம்.

அடைப்பைக் கம்பியால் குத்துவதால் பயனில்லை. மெலிந்த குழாய் ஓட்டையாகும். மாற்றுவதே முறை. பழைய சுவரைக் கொத்தாமல், புதுக் குழாயைச் சுவரின் வெளிப்புறமாகக் கிளாம்பு வைத்துப் பொருத்துவது நன்று. கசிந்தால் உடனே கண்ணில் படும். வெயில் படும் பிளாஸ்டிக் குழாய்க்கு அதற்குரிய வர்ணம் பூசுதல் வேண்டும். குடிநீருக்கான பி.வி.சி. குழாயில் ஐ.எஸ். 4985 என்றும், சி.பி.வி.சி. குழாயில் ஐ.எஸ். 15778 என்றும் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குக.

மேல்தொட்டியைப் பழைய சுவரின் மீது ஏற்றுவது தவறு. 1,000 லிட்டர் நீரின் எடை மட்டுமே 1,000 கிலோ. தனித் தூண்கள் எழுப்பி அதன்மேல் வைப்பதே பாதுகாப்பு.

சாக்கடையைக் கடக்கும் இடம்

வீட்டு இணைப்பு தெருச் சாக்கடையைக் கடந்து வரும் இடமே எல்லாவற்றிலும் அபாயமானது. குழாயில் நீர் நிறைந்து ஓடும்போது ஓட்டை வழியே நீர் வெளியே கசியும். நீர் நின்றபின், குழாய் வெறுமையாகும்போது, அதே ஓட்டை சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். இணைப்பில் நேராக மோட்டார் பூட்டி உறிஞ்சுவோர் இத்தீமையைப் பன்மடங்கு பெருக்குகின்றனர். அடுத்த வீட்டுப் பங்கையும் பறிக்கின்றனர். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை இவ்வழியே வீட்டுக்குள் நுழைகின்றன. முதலில் துன்புறுபவர் குழந்தைகள்.

ஆகவே இணைப்புக் குழாய் சாக்கடை நீருக்குள் கிடக்கலாகாது. கழிவு நீரின் மட்டத்துக்கு மேலே, இடையில் ஒட்டு இல்லாத ஒரே துண்டாக, உறைக்குழாய்க்குள் செலுத்துதல் வேண்டும். முழுக் குழாயையும் மாற்றக் கையில் பணம் இல்லாதவர் முதலில் இவ்விடத்தைச் சீர்செய்க. அடுத்து அடுப்படிக் குழாயை மாற்றுக. மற்றவை பின்னர் ஆகட்டும்.

இரு நீரையும் கலவாதீர்

இங்குள்ள நிலம் கடும்பாறை. ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் மிக்கது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட பகுதிகளும் திண்டுக்கல்லைச் சுற்றி உண்டு. அக்கேடு காய்ச்சினாலும் நீங்காது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று என்பதும், வேறு நீர் கிடையாதபோது 600 வரை ஏற்கலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணயம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதித்து அறிதல் நலம்.

சில வீடுகளில் கிணற்று நீரையும் குடிநீரையும் ஒரே குழாயில் சேர்த்து, நடுவே வால்வு ஒன்று வைத்திருப்பர். அந்த வால்வு தேய்ந்தால் இரண்டும் கலக்கும், தெருக்குழாய்க்கும் செல்லும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனித் தொட்டி வேண்டும்.

ஊரார் செய்யத்தக்கது

குழாய் வேலை அறிந்தவரைக் கொண்டு வேலை வாங்குக. தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கென்றே பயிற்சி அளிக்கப்படுகிறது. நம் ஊர் இளைஞர் ஒருவரேனும் அதைக் கற்றால் ஊருக்கே நன்மை. பத்து வீட்டார் கூடி ஒரே நாளில் பழுது பார்த்தால் கூலியும் குறையும். தெருக்குழாயின் குறையைக் கிராம சபையில் எழுதிக் கொடுத்துத் தீர்மானமாக்கலாம்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். இரவில் கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தபின்னரே நாம் உறங்கச் செல்கிறோம். அதே கருத்தோடு குழாயையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுத்தால், நீரும் மிஞ்சும். பிள்ளைகளின் உடல்நலமும் காக்கப்படும்.