நாளாந்த உடைத் தெரிவு

மாணவர்களே, வினாத்தாளில் ‘பொருத்தமான ஆடை’ எனக் கேட்டால் ‘அழகான ஆடை’ என எழுதிவிட வேண்டாம். காலநிலை, செய்யும் வேலை, உடலமைப்பு, வருமானம் ஆகிய நான்குக்கும் இசைந்ததே பொருத்தமான ஆடையாகும்.

1. துணி: பருத்தி ஏறத்தாழ 8.5% ஈரலிப்பை ஏற்கும்; பொலியெஸ்டர் 0.4% மாத்திரமே ஏற்கும். ஆகவே வியர்க்கும் வெயிலுக்குப் பருத்தி உகந்தது. ஆனால் அது கசங்கும், மெதுவாக உலரும். மாரிக்குக் கலப்புத் துணி வசதியானது.

2. பாதுகாப்பு: அடுப்படியில் தளர்ந்து தொங்கும் ஆடைகளைத் தவிர்க்குக. பருத்தி எளிதில் தீப்பற்றும். பொலியெஸ்டர், நைலோன் உருகித் தோலில் ஒட்டும். துவிச்சக்கரவண்டியில் செல்லும்போது சால் சில்லில் சிக்காதவாறு முடிந்துகொள்க.

3. செலவு: 1,000 ரூபாச் சட்டை 20 தடவையில் நைந்தால் ஒரு தடவைக்கு 50 ரூபா. 1,800 ரூபாச் சட்டை 90 தடவை உழைத்தால் 20 ரூபா. எது மலிவு? வாங்குமுன் தையலையும் பராமரிப்புச் சீட்டையும் பாருங்கள்.

4. துணைப்பொருட்கள்: பகலில் பாதம் சற்று வீங்குவதால் பாதணியைப் பின்னேரத்தில் அளவு பார்த்து வாங்குக. புத்தகப்பையை இரு தோள்களிலும் கொழுவுக.

5. தனிப்பாணி: தமக்குள் நிறம் பொருந்தும் 3 மேற்சட்டைகளும் 2 கீழாடைகளும் 6 விதமாக அணியப் போதும். தோழியிடம் உள்ளதெல்லாம் நம்மிடமும் இருக்கவேண்டியதில்லை. சுத்தமாகத் தோய்த்து, அறுந்த பொத்தானைத் தைத்து அணிந்த பழைய சட்டையும் மதிப்பைத் தரும்.

பயிற்சி: உங்கள் குடும்பத்தில் ஒருவரின் வேலைக்கேற்ற ஆடையொன்றைத் தெரிவுசெய்து, காரணங்கள் நான்கு தருக.