பங்குனிக் கணக்கும் மணிலா விற்பனையும்

கூட்டேரிப்பட்டைச் சூழ்ந்த கிராமங்களில் மார்கழிப் பட்டத்து மணிலாக் கொட்டை களத்திற்கு வருவதும், வருஷக் கணக்கு முடிவதும் பங்குனியை ஒட்டியே நேர்கின்றன. அருகிலுள்ள மயிலத்தில் உத்திரத் திருவிழாவும் அப்பொழுதே. செலவு நெருக்கவே, காய் உலருமுன் களத்திற்கு வந்த வியாபாரிக்கே எடைபோட்டு விடுவோர் உண்டு.

இவ்விடத்தில் ஒரு கணக்கை ஊன்றிக் கவனித்தல் நலம். நூற்றுக்கு 20 பங்கு ஈரமுள்ள 100 கிலோ காயை, ஈரம் 8 பங்காகும்வரை உலர்த்தினால் எஞ்சுவது ஏறக்குறைய 87 கிலோ. ஆகவே உலர்ந்த காயின் விலை ஈரக்காயின் விலையைவிட நூற்றுக்கு 15க்கு மேல் கூடினால்தான் உலர்த்தியவருக்கு மிச்சம். அதிலும் கூலி கழியவேண்டும். சென்ற வருஷம் விற்ற தேதி, எடை, தரகு, வண்டிக்கூலி, கைக்கு வந்த தொகை ஆகியவை குறிப்பேட்டில் இருப்பின் இதனைத் தீர்மானிப்பது எளிது. மூட்டை விலை எல்லாருக்கும் நினைவிருக்கும். வண்டிக்கூலியைக் குறித்து வைக்கும் குடியானவர் குறைவு.

இருப்பு வைக்க எண்ணுவோர் உலர்த்தியே ஆகவேண்டும்; ஈரக்காய் பூசணம் பிடிக்கும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் உள்ளன. 1933ஆம் வருஷத்துச் சென்னை வணிகப்பயிர்ச் சந்தைச் சட்டத்தினின்று வளர்ந்த ஏற்பாடு இது. அங்கே விற்பவரிடம் தரகு வாங்குவதில்லை. இருப்பு வைத்த சரக்கின்பேரில் கடன் பெறவும் வழியுண்டு. கொடியேற்றத்திற்கு முன்னரே ஈரிடத்து விலையையும் விசாரித்து, திருவிழாச் செலவுக்கு வேண்டியதை மாத்திரம் விற்று, மற்றதை அங்கே சேர்க்கலாம்.