உடற்கட்டு: டப்பா வாங்குமுன் படிக்க வேண்டிய புத்தகங்கள்

சந்தாபுரா, அத்திபெலே, ஜிகணி என்று நம் ஆனேக்கல் வட்டாரத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஜிம் பலகை கண்ணில் படுகிறது. ஷிப்ட் முடிந்து களைத்து வரும் நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய் இரும்பு தூக்குவது நல்ல செய்திதான். கவலை அதற்குப் பின்னால் வருவது. இரண்டாம் வாரம் புரதப் பவுடர் டப்பா வீட்டுக்கு வருகிறது. சில மாதங்களில் "ஊசி போட்டால் சீக்கிரம் ஏறும்" என்று யாரோ காதில் ஓதுகிறார்கள். வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால் கேட்கிற வயதா அது? ஏன் வேண்டாம் என்று காட்ட ஆதாரம் வேண்டும். ஒரு டப்பா வாங்கும் பணத்தில் ஆதாரமுள்ள இரண்டு மூன்று புத்தகங்களை வாங்கிவிடலாம்.

இந்தத் துறையில் எழுதியவர்கள் எல்லாரும் அமெரிக்காவில் இருப்பதாக நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனேக்கலில் மார்க்கெட் பஸ் ஏறி, டவுன்ஹால் அருகே ஜே.சி. ரோட்டில் இறங்கினால் பேராசிரியர் கே.வி. ஐயரின் வியாயாமசாலை இருந்த இடம் வரும். கோலார் வெங்கடேச ஐயர் 1930-இல் 'மசில் கல்ட்' என்ற நூலையும், 1936-இல் 'பர்ஃபெக்ட் ஃபிசிக்' என்ற நூலையும், 1937-இல் 'சூரிய நமஸ்கார்' என்ற நூலையும் பெங்களூரிலிருந்தே ஆங்கிலத்தில் வெளியிட்டார். தபால் மூலம் பாடம் அனுப்பி வெளியூர்க்காரர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். சிலைபோல் நிற்கும் அவருடைய படங்களைப் பார்த்தால் இந்தக் கால இளைஞனும் வாய் பிளப்பான். தன் உடம்பைப் பற்றி அவருக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்தான். அதைப் பொறுத்துக்கொண்டு படிக்கலாம். பார்பெல் பயிற்சியையும் சூரிய நமஸ்காரத்தையும் ஆசனங்களையும் எதிரெதிராக நிறுத்தாமல் ஒரே பாடமாக்கினார் என்பதே அவருடைய தனிச்சிறப்பு. (கன்னடத்தில் 'சாந்தலா' என்ற நாவல் எழுதியவரும் இவரே. தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து கன்னட நாடகத்தில் பெயர் பெற்ற டி.பி. கைலாசம் இவருடைய நெருங்கிய நண்பர்.) அவரோடு சேர்ந்து பணியாற்றிய யோகாசாரியர் சுந்தரம் தமிழர், 'சுந்தர யோக சிகிச்சை' என்ற தமிழ் நூலைத் தந்தவர்.

ஆனாலும் ஐயரின் நூல்கள் பழையவை. அவற்றை ஊக்கத்துக்குப் படிக்கலாம். எடையை எப்படிப் படிப்படியாக ஏற்றுவது என்பதற்கு மார்க் ரிப்பெட்டோவின் 'ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்' உதவும். 2005-இல் முதலில் வந்த இந்த நூல், ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற சில அடிப்படைப் பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, முதுகு எங்கே நிற்க வேண்டும், கால் எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக விளக்குகிறது. வாரத்தில் மூன்று நாள் போதும் என்பது அதன் கணக்கு. முதுகுப்பிடிப்போடு வீடு திரும்பும் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டியது இதுதான்.

எல்லாரும் கேட்பது அர்னால்டு ஷ்வார்ஸ்நெகரின் கலைக்களஞ்சியம். 1985-இல் பில் டாபின்ஸுடன் சேர்ந்து எழுதியது. பின்னால் வந்த திருத்திய பதிப்பு எண்ணூறு பக்கத்தைத் தாண்டும். எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி என்று படத்தோடு பார்க்க இதைப்போல் வேறில்லை. ஆனால் அதிலுள்ள பெரிய அட்டவணைகளை அப்படியே பின்பற்றக் கூடாது. அவர் மிஸ்டர் ஒலிம்பியா பட்டத்தை ஏழு முறை வென்றவர். பயிற்சியே அவருக்குத் தொழில். போட்டிக் காலத்தில் ஸ்டீராய்டு எடுத்ததையும் அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இரவு ஷிப்ட் முடித்து நான்கு மணி நேரம் தூங்குகிற பையனுக்கு அந்த அட்டவணை எப்படிப் பொருந்தும்? அவனுக்கு ஏற்றது ஸ்டூவர்ட் மெக்ராபர்ட் 1989-இல் எழுதிய 'பிரான்'. வேலைக்குப் போகிற, பிறவியிலேயே தடித்த உடம்பு வாய்க்காத, மருந்து தொடாத சாதாரண மனிதனுக்காகவே எழுதியது.

ஊசியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆண் ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினால், உடம்பு தானே சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். விந்தணு குறையும், விதைப்பை சுருங்கும், கெட்ட கொழுப்பு ஏறி இதயத்தைத் தாக்கும். இருபத்தைந்து வயதில் திருமணப் பேச்சு எடுக்கும் வீட்டில் இதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

இனி சாப்பாடு. இதற்கு நான் சொல்லும் புத்தகத்தில் ஒரு தசைப் படமும் கிடையாது. பெயர் 'நியூட்ரிட்டிவ் வேல்யூ ஆஃப் இண்டியன் ஃபுட்ஸ்'. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1971-இல் வெளியிட்டது. எழுதிய மூவரில் முதல்வர் டாக்டர் சி. கோபாலன், சேலத்தில் பிறந்தவர், நூறு வயதைத் தொட்டு 2019-இல் மறைந்தார். அந்த நிறுவனமே நம் குன்னூரில் தொடங்கி, 1958-இல் ஐதராபாத்துக்குப் போனது. நம் அடுப்படியில் உள்ள ஏறக்குறைய எல்லாப் பொருளிலும் என்ன சத்து, எவ்வளவு என்று பார்க்கலாம். 2017-இல் அதே நிறுவனம் புதிய அளவீடுகளோடு வேறொரு அட்டவணை நூலும் வெளியிட்டிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் போதும். எடை தூக்குகிறவருக்கு 1.6 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ எடையுள்ள பையனுக்கு 96 கிராம். ராகி 200 கிராம், அரிசி 200 கிராம் இரண்டிலும் சேர்த்து 28. பருப்பும் பயறும் 100 கிராம், அதில் 23. அரை லிட்டர் பாலில் 16. மூன்று முட்டையில் 20. ஐம்பது கிராம் வேர்க்கடலையில் 12. மொத்தம் 99. டப்பா எங்கே தேவைப்பட்டது? முட்டை சாப்பிடாத வீட்டில் 50 கிராம் சோயா சேர்த்தால் போதும். 100 கிராம் சோயாவில் 43 கிராம் புரதம் இருக்கிறது. ஆனேக்கல் வயல்களில் விளையும் ராகியை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்குகிறவர்கள் சுண்ணாம்புச் சத்துப் பத்தியைப் பார்க்கட்டும்: 100 கிராமில் 344 மில்லிகிராம். உடம்பைப் பெருக்கப் புரதப் பவுடர் வேண்டாம் என்று இதே நிறுவனம் 2024-இல் தன் உணவு வழிகாட்டியிலும் எழுதியிருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அட்டவணையில் தானியம், பருப்புக்குத் தந்திருப்பவை சமைக்காத எடைக்கான அளவுகள். ஒரு கரண்டி சாம்பாரை நிறுத்துப் பார்த்து அவ்வளவும் பருப்பு என்று கணக்கெழுதினால் ஏமாந்து போவோம். சமைக்குமுன் பருப்பை அளந்து, வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்களோ அத்தனையால் வகுத்துக்கொள்ளுங்கள்.