வரையத் தெரியாமல் மங்கா எழுத வருகிறவர்களுக்கு

படக்கதை எழுத ஆசை, ஆனால் கோடு இழுக்க வராது என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் கஸுவோ கொய்கே. மங்கா என்றதும் ஒசாமு தெசுகா மாதிரி கதை, படம் இரண்டையும் ஒரே ஆள் செய்வதுதான் நம் நினைவுக்கு வரும். ஜப்பானில் கதையை மட்டும் எழுதிக் கொடுப்பது தனித் தொழில். அதைச் செய்கிறவரை ‘கென்சகுஷா’ என்பார்கள். படத்தை அடுத்தவர் கையில் விட்டுவிட்டு, ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தத் தொழிலில் பெயரோடு நின்றவர் கொய்கே. அவருடைய வாழ்க்கையையும், அதே வேலையைச் செய்த வேறு சிலருடைய வாழ்க்கையையும் படித்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எண் போட்டிருப்பது நீங்கள் குறித்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்றுதான். முக்கியத்துவம் பார்த்து அடுக்கவில்லை.

1. வயதாகிவிட்டதே என்று புலம்பாதீர்கள். கொய்கே 1936-ல் ஜப்பானின் வடக்கே அகிதா மாகாணத்தில் பிறந்தவர். சூவோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். சரித்திர நாவல்கள் எழுதிய கீச்சிரோ யமாதேயிடம் எழுத்துப் பழகினார். பிறகு பல வேலைகள் பார்த்துவிட்டு, ஓவியர் தகாவோ சைத்தோவின் கூடத்தில் சேர்ந்தார். 1968-ல் தொடங்கிய ‘கோல்கோ 13’ என்ற கூலிக்கொலையாளி கதைத் தொடருக்கு அங்கே எழுதினார். சினிமாக் கம்பெனி போல வேலையைப் பிரித்துக்கொண்டு நடந்த கூடம் அது. கதை எழுத ஓர் ஆள், பின்னணி வரைய வேறு ஓர் ஆள். எழுதுவதற்குத் தனியாகச் சம்பளம் உண்டு என்பதை அவர் அங்கேதான் பார்த்திருப்பார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ‘தனி ஓநாயும் குட்டியும்’ 1970-ல் தொடங்கியபோது வயது 34. சட்டம் படித்ததும் வீண்போகவில்லை. தண்டனை முறைகள், பதவி வரிசை, அரசாங்க நடைமுறை வரும் பக்கங்களைப் படித்தால் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

2. ஆளை முதலில் உண்டாக்குங்கள், சம்பவங்கள் தானாக வரும். கொய்கே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த பாடம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். ‘தனி ஓநாயும் குட்டியும்’ கதாநாயகன் ஒகாமி இத்தோவைப் பாருங்கள். ஷோகனின் அதிகாரபூர்வ தலைவெட்டி. யாக்யூ குலத்தாரின் சதியில் மனைவி கொல்லப்படுகிறாள், இவர்மேல் ராஜத்துரோகப் பழி விழுகிறது. கைக்குழந்தையை மரவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். ஒரு கொலைக்குக் கூலி 500 ரியோ. இந்த நான்கு வரியைக் கேட்டதுமே அடுத்து என்ன என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா? அந்த ஆளை வைத்து ஆறு ஆண்டு ஓட்டினார்கள். ‘மங்கா ஆக்‌ஷன்’ வார இதழில் 1976 வரை வந்த தொடர் 28 தொகுதிகளாக, 8,000 பக்கங்களுக்கு மேல் நிற்கிறது. பல அத்தியாயங்களில் கதைச் சட்டகம் ஒன்றேதான்: யாரோ கூலி கொடுக்கிறார்கள், இவர் போகிறார், வெட்டுகிறார். அலுக்காததற்குக் காரணம் அந்த வண்டியும் அதில் உட்கார்ந்திருக்கும் பையனும். உங்களிடம் பிரமாதமான திருப்பம் ஒன்று இருந்து, அது யாருக்கு நடக்கிறது என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால், திருப்பத்தை மூட்டைகட்டி வையுங்கள்.

3. வசனத்தை நம்பி இறங்காதீர்கள். அதே கதையில் ஒரு காட்சி. மனைவி செத்துக் கிடக்கிறாள், வீட்டைச் சுற்றிலும் எதிரிகள். ஒகாமி தன் மகன் தைகோரோவுக்கு எதிரே ஒரு வாளையும், நூல் சுற்றிய ஒரு வண்ணப் பந்தையும் வைக்கிறார். வாளிடம் வந்தால் என்னோடு கொலைவழியில் வா, பந்திடம் போனால் உன்னை அம்மா போன இடத்துக்கே அனுப்பிவிடுகிறேன் என்கிறார். குழந்தைக்கு இன்னும் நடக்க வராது, பேச்சும் புரியாது. அது தவழ்கிறது. பந்தைப் பார்க்கிறது. கடைசியில் வாளிடம் போகிறது.

இந்தக் காட்சியில் எழுத்தாளர் செய்த வேலை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். வசனத்தில் இல்லை. ஒரு முடிவை எடுக்கும் பொறுப்பைப் பேசத் தெரியாத பிள்ளையின் கையில் கொடுத்தாரே, அங்கே இருக்கிறது. அப்படிக் கொடுத்துவிட்டதால் இனி வார்த்தைக்கு அங்கே இடமில்லை. குழந்தையின் கை எந்தப் பக்கம் நீள்கிறது, கண் எங்கே போகிறது, அப்பன் முகம் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் ஓவியர்தான் சொல்லியாக வேண்டும். நாவலில் இதே காட்சிக்கு அரைப்பக்க மன ஓட்டம் எழுதிக் கெடுத்திருப்போம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் வசனத்தை அடித்துவிட்டுப் பாருங்கள். மிச்சமிருப்பதில் ஓவியருக்கு வரைய ஏதாவது இருக்க வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பது மட்டும்தான் மிஞ்சுகிறது என்றால், நீங்கள் எழுதியிருப்பது வானொலி நாடகம்.

4. யார் வரையப்போகிறார் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். ‘தனி ஓநாயை’ வரைந்த கோசேகி கொஜிமா சினிமா விளம்பரம் வரைந்தவர். தெருவில் அட்டைப்படம் காட்டிக் கதை சொல்லும் காமிஷிபாய்க்கு வரைந்தவர். வாடகைப் புத்தகங்களுக்கு வரைந்து தேய்ந்தவர். (தெசுகாவும் இவரும் பிறந்தது ஒரே நாள், 1928 நவம்பர் 3. ஒருவர் ‘மங்காவின் கடவுள்’ ஆனார், மற்றவர் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் உலகத்தின் கண்ணில் பட்டார்.) தூரிகையால் புல்லும் மழையும் இழுப்பதில் கொஜிமாவுக்கு இணை சொல்வது கடினம். கொய்கே அவருக்குப் புல்லும் மழையும் கொடுத்தார். 1972-ல் கஸுவோ கமிமுராவோடு ‘லேடி ஸ்னோபிளட்’ செய்தபோது கதையின் நடுவில் ஒரு பெண்ணை நிறுத்தினார். கமிமுரா பெண் முகங்களுக்குப் பேர்போனவர். 1986-ல் ரியோயிச்சி இகேகாமியோடு செய்த ‘கிரையிங் ஃப்ரீமேன்’ வேறு உலகம். பளபளவென்ற நகரம், செதுக்கி வைத்த உடம்புகள்.

இங்கே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கொய்கேயின் கதைகளில் பெண்களை நடத்தும் விதம் பல இடங்களில் எனக்கு ஒப்புதல் இல்லை. ‘கிரையிங் ஃப்ரீமேனில்’ அது கூடுதலாகவே உறுத்தும். அவரிடம் கட்டுமானத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், அந்தப் பார்வையை வாங்க வேண்டாம்.

5. ஓவியர் மாற்றினால் உடனே கொடிபிடிக்காதீர்கள். கொய்கே பிறந்த அதே 1936-ல் பிறந்த இக்கி கஜிவாரா, விளையாட்டு மங்காவின் பெரிய எழுத்தாளர். அவருடைய ‘கியோஜின் நோ ஹோஷி’ என்ற பேஸ்பால் கதை ‘ஷோனென் மேகசினில்’ ஓடிக்கொண்டிருந்தபோதே, 1968-ல் அதே இதழில் ‘அஷிதா நோ ஜோ’ என்ற குத்துச்சண்டைக் கதையும் தொடங்கியது. அதற்காக அசாவோ தகாமோரி என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். வரைந்தவர் தெத்சுயா சிபா. கதாநாயகன் ஜோ சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் ரிகீஷி என்ற குத்துச்சண்டை வீரனைச் சந்திக்கிறான். இந்த ரிகீஷிதான் பின்னால் பெரிய எதிரி ஆகப்போகிறான் என்று தெரியாமல் சிபா அவனை ஜோவைவிட நல்ல உயரமாக வரைந்துவிட்டார். குத்துச்சண்டையில் எடைப் பிரிவு உண்டே. இந்த உயரத்தில் இருக்கிறவன் ஜோவோடு மேடையேறுவது எப்படி?

சரி செய்ய வழி ஒன்றுதான்: ரிகீஷி பட்டினி கிடந்து எடையைக் குறைக்க வேண்டும். அந்தப் பட்டினிதான் தொடரின் உச்சம் ஆயிற்று. தண்ணீருக்குத் தவித்துக் காய்ந்த உடம்போடு மேடையேறி, ஜோவை வீழ்த்திவிட்டு, ரிகீஷி செத்துப்போகிறான். 1970 மார்ச் 24-ம் தேதி கோதான்ஷா பதிப்பகக் கட்டடத்தில் அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்கு இறுதிச்சடங்கு நடந்தது. நாடகக்காரர் ஷூஜி தெராயாமா முன்னின்று நடத்தினார். 700 பேர் அளவில் வந்தார்கள். அளவு தப்பிய ஒரு படத்திலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். வேறு எழுத்தாளராக இருந்தால் ‘படத்தைத் திருத்து’ என்று சண்டை போட்டிருப்பார்.

கடைசி அத்தியாயத்தில் இன்னொன்று நடந்தது. கஜிவாரா எழுதிக் கொடுத்த முடிவு சிபாவுக்குப் பிடிக்கவில்லை. மாற்றிக்கொள்ளவா என்று கேட்டார், எழுத்தாளர் விட்டுக்கொடுத்தார். பொதுவாகத் தன் எழுத்தில் கைவைக்கவிடாத மனிதர் அவர். சண்டை முடிந்து, மூலையில் முக்காலியில் தலைகுனிந்து சிரித்தபடி வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஜோவின் படம் அப்படி வந்ததுதான். 1973-ல் அச்சான அந்தப் பக்கத்தை இன்றைக்கும் ஜப்பானில் தெரியாதவர் குறைவு.

6. உங்களுக்கும் ஓவியருக்கும் நடுவில் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் இருப்பார், அவரோடு ஒத்துப்போகப் பழகுங்கள். ‘ஹோகுதோ நோ கென்’ 1983-ல் முதலில் தெத்சுவோ ஹாரா தானே எழுதி வரைந்த சிறுகதையாகத்தான் வந்தது. வாரத் தொடர் ஆக்கும்போது எழுத்துக்குப் புரோன்சனைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். புரோன்சன் விமானப்படையில் வேலை பார்த்துவிட்டு, ஓவியர் ஹிரோஷி மோதோமியாவிடம் உதவியாளராக இருந்து, வரைவதில் தேறாமல் எழுத்துக்கு வந்தவர். உங்கள் சாதிதான். ‘டெத் நோட்’ எழுதிய த்சுகுமி ஓபா யாரென்று வெளியுலகுக்கு இன்றுவரை தெரியாது. கட்டம் பிரித்துப் பென்சிலில் போட்ட மாதிரிப் பக்கங்களை, அவர்கள் ‘நேம்’ என்பார்கள், அவர் ஆசிரியரிடம் கொடுப்பார். ஆசிரியர் வழியாக அது ஓவியர் தகேஷி ஒபாதாவுக்குப் போகும். கஜிவாராவோ நாவல் மாதிரி உரைநடையில் எழுதிக் கொடுத்தார். எப்படி எழுதித் தர வேண்டும் என்பதற்குச் சட்டம் கிடையாது. வாரத்துக்கு 19 பக்கம் அளவில், தவறாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ‘ஷோனென் ஜம்ப்’ மாதிரி இதழில் வாசகர்கள் அஞ்சலட்டையில் தமக்குப் பிடித்த மூன்று கதைகளை எழுதி அனுப்புவார்கள். அந்தப் பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே போனால் பத்துப் பதினைந்து வாரத்தில் கதையை முடிக்கச் சொல்லிவிடுவார்கள். இந்த உலகம் உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்க்க, ஓபாவும் ஒபாதாவும் 2008-ல் தொடங்கிய ‘பாகுமான்’ படியுங்கள். ஒரு பையன் எழுதுகிறான், ஒரு பையன் வரைகிறான், இரண்டு பேரும் ஜம்ப்பில் இடம்பிடிக்கப் படாதபாடு படுகிறார்கள்.

7. பணத்தை முன்கூட்டியே பேசுங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று இதழ் கொடுப்பது ஒன்று, புத்தகமாக வரும்போது ராயல்டி ஒன்று. புத்தக விலையில் பொதுவாக 10 சதவீதம் என்பார்கள். அதை நீங்களும் ஓவியரும் பங்குபோட வேண்டும். உதவியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் ஓவியர் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள். கதை ஓடிய பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

8. புகழ் வந்தால் கையைக் கட்டுப்படுத்துங்கள். உவமையாகச் சொல்லவில்லை. கஜிவாரா 1983-ல் பத்திரிகைத் துணை ஆசிரியர் ஒருவரை அடித்த வழக்கில் கைதானார். அதோடு பெயர் சரிந்தது. 1987-ல் இறந்தபோது வயது 50.

9. தெரிந்ததை எழுதுங்கள், தெரியாததைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த தெத்சு கரியா 1983-ல் ‘ஒயிஷின்போ’ தொடங்கினார். சோறு, மீன், சோயா என்று சாப்பாட்டை மட்டுமே வைத்து நூறு தொகுதிக்கு மேல் போயிற்று. வாளும் குத்தும் இல்லாமல் இது முடிந்திருக்கிறது. ஆனால் நிஜ உலகத்தைத் தொட்டால் அதுவும் திருப்பித் தொடும். 2014-ல் ஃபுகுஷிமா அணு உலைப் பகுதிக்குப் போய்வந்தவர்களுக்கு மூக்கில் ரத்தம் வருவதாகக் காட்டிய அத்தியாயத்துக்கு உள்ளூர் நிர்வாகத்திலிருந்து அரசாங்கம் வரை கண்டனம் வந்தது. பதில் சொல்லத் தயாராக இருந்தால் எழுதுங்கள்.

10. நாலு பேரோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். 1977-ல் கொய்கே ‘கெகிகா சொன்ஜுகு’ என்று ஒரு பள்ளி வைத்தார். முதல் அணியில் கல்லூரி மாணவி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அடுத்த ஆண்டே ‘உருசெய் யாத்சுரா’ தொடங்கி ஜப்பானையே கலக்கிய ருமிகோ தகஹாஷி அவர்தான். மேலே சொன்ன தெத்சுவோ ஹாரா அந்தப் பள்ளிப் பிள்ளை. ‘பாகி’ வரைந்த கெய்சுகே இதகாகியும் அப்படியே. யூஜி ஹோரி அங்கே படித்துவிட்டு மங்கா பக்கம் நிற்காமல் ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற வீடியோ விளையாட்டை உருவாக்கப் போனார். இவர்கள் ஒருவர் எழுத்தும் இன்னொருவருடையது மாதிரி இருக்காது. கொய்கேயின் ரத்தம் சொட்டும் சாமுராய்களுக்கும் தகஹாஷியின் கேலிக்கூத்துக்கும் என்ன உறவு? ஆனால் ‘உருசெய் யாத்சுரா’வில் வரும் லும் என்ற அந்தக் கொம்பு முளைத்த பெண்ணை ஒருதரம் பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஆசிரியர் தன் கதையைக் கொடுக்காமல் வேலைமுறையைக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதிய அத்தனை தொகுதிகளையும்விட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கொஜிமா 2000-ல் போனார். 2004-ல் அமெரிக்காவின் வில் ஐஸ்னர் புகழ்மண்டபத்தில் இருவர் பெயரும் சேர்ந்தே ஏறியது. கொய்கே 2019 ஏப்ரல் 17-ல் 82 வயதில் இறந்தார். ‘தனி ஓநாயும் குட்டியும்’ 28 தொகுதிகளும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. முதல் தொகுதியை இரண்டு தடவை படியுங்கள், இரண்டாம் தடவை வசனத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் பாருங்கள். அடுத்த தடவை என்னைப் பார்க்க வரும்போது, யாரும் வாய் திறக்காத மூன்று பக்கக் கதை ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள்.